வட்டம் விழுந்தால் வைத்தியமா?

ஒரு பெட்ரி தட்டு. அதில் உறைந்த அகார். அகார் மேல் ஈ.கோலையோ ஸ்டெஃபைலோகாக்கஸோ புல்வெளி மாதிரி படர்ந்திருக்கிறது. நடுவில் கார்க் போரரால் தோண்டிய 6 மி.மீ. குழி. குழந்தையின் மலத்திலிருந்தோ, தயிரிலிருந்தோ பிரித்தெடுத்த இன்னொரு பாக்டீரியா வளர்ந்த திரவத்தை, பாக்டீரியாவை வடிகட்டிவிட்டு, அந்தக் குழியில் சில சொட்டு விட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தாயிற்று. காலையில் வந்து பார்த்தால் குழியைச் சுற்றித் தெளிவான ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் கிருமி வளரவில்லை. ஆய்வகத்தில் யாரும் இதை வட்டம் என்று சொல்வதில்லை. 'ஜோன்'. "ஜோன் வந்திருக்கு சார்!" உடனே ஸ்கேல் வருகிறது. 14 மி.மீ. ஒரு போட்டோ.

அவ்வளவுதான், படம் முடிந்தது. 'மனிதக் குடலில் வாழும் இந்த பாக்டீரியா நோய்க்கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரக்கிறது' என்று ஆய்வுக் கட்டுரை வந்துவிடும். அதைப் படித்து (அல்லது தலைப்பை மட்டும் படித்து) செய்தித்தாளில் ஒரு துணுக்கு. இன்னும் கொஞ்ச நாளில் ஒரு பாட்டிலின் மேல் 'தீய கிருமிகளை எதிர்த்துப் போராடும் நல்ல பாக்டீரியா' என்று அச்சாகியிருக்கும். குடிப்பவருக்கு வட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

தட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நான்கைந்து படிகள் எங்கே போயின? இதுதான் கேள்வி. பி.காம். முதலாண்டு மாணவனிடம் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதே, அப்படியானால் கணக்கு சரிதானே என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பான். ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டினாலும் டேலி ஆகும். ஒரு பில்லை இரண்டு பக்கமும் பதியாமல் விட்டாலும் டேலி ஆகும். டேலி ஆனது நல்ல அறிகுறி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

சரி, முதலில் இந்த வட்டத்தின் வரலாறு கொஞ்சம். 1925-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கிராசியா ஒரு விநோதத்தைப் பார்த்தார். ஒரு வகை ஈ.கோலை தன் சொந்த இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஈ.கோலையை வளரவிடாமல் தடுத்தது. பங்காளிச் சண்டை! ஃபிளெமிங் பெனிசிலினைப் பார்ப்பதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது இது. அந்தக் காலத்தில் பாக்டீரியா எங்கே செத்தாலும் ஃபேஜ் வைரஸ்தான் காரணம் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கிராசியா வட்டத்தைப் பார்த்து அப்படியே கட்டுரை எழுதிவிடவில்லை. அந்தப் பொருள் அகாருக்குள் பரவுகிறதா, சூட்டைத் தாங்குகிறதா என்றெல்லாம் சோதித்தார். பிறகு 1946-ல் அவரும் பியர் ஃப்ரெடெரிக்கும் இந்த வகைப் பொருட்களுக்கு 'கோலிசின்' என்று பெயர் வைத்தார்கள். ஈ.கோலை மட்டுமல்ல, வேறு பாக்டீரியாக்களும் இப்படிச் செய்கின்றன என்று தெரிந்தபின் 1953-ல் ஃப்ரான்சுவா ஜாகோபும் கூட்டாளிகளும் 'பாக்டீரியோசின்' என்ற பொதுப் பெயரைக் கொண்டுவந்தார்கள். பாக்டீரியா தன் அண்டை வீட்டுக்காரனை ஒழிப்பதற்காகச் செய்யும் புரதம். இதுதான் எல்லோரும் தேடும் சரக்கு.

நூறு வருடம் ஆகிவிட்டது. தேடும் முறை இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். அதில் தப்பில்லை. எளிய முறை, செலவு குறைவு, கண்ணால் பார்க்கலாம். வட்டம் எதனால் விழுந்தது என்று கேட்காமல் விடுவதுதான் தப்பு.

எதனாலெல்லாம் விழலாம் என்று பாருங்கள்.

லாக்டோபாசில்லஸ் வகைகளை வளர்க்க உலகம் முழுவதும் பயன்படும் ஊட்டக் கரைசல் எம்.ஆர்.எஸ். 1960-ல் டி மான், ரோகோசா, ஷார்ப் என்ற மூவர் வகுத்தது; அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அது. அதில் லிட்டருக்கு 20 கிராம் குளூக்கோஸ் இருக்கிறது. இந்தச் சர்க்கரையை லாக்டோபாசில்லஸ் தின்று லாக்டிக் அமிலமாக்கும். ஓர் இரவில் கரைசலின் பி.எச். நாலு பக்கத்தில் இறங்கிவிடும். வீட்டுத் தயிரை விடப் புளிப்பு. இது போதாதென்று அதே கரைசலில் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் அசிட்டேட் வேறு சேர்த்திருக்கிறது. பி.எச். இறங்கியதும் அதில் ஒரு பெரிய பங்கு அசிட்டிக் அமிலமாக மாறும். அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலம். பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு அமிலம் செய்ய, கரைசலே இன்னொரு அமிலத்தைத் தயாராக வைத்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் ஈ.கோலை மேல் விட்டால் வட்டம் விழாமல் என்ன செய்யும்? சமையலறை வினிகரை விட்டாலும்தான் விழும். அதற்காக வினிகர் பாட்டிலைக் குடல் மருத்துவத்தில் புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா?

இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு. பல லாக்டோபாசில்லஸ்கள் காற்றுப் பட்டால் இதைச் செய்யும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான். தட்டில் அருமையாகக் கொல்லும். ஆனால் அதைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும். பெருங்குடலுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. திறந்த வெளியில் செய்த வித்தையை மூடிய அறையில் அது எப்படிச் செய்யும்?

மூன்றாவது, ஃபேஜ். வடிகட்டிய திரவத்தில் பாக்டீரியா போய்விடும், வைரஸ் போகாது. 0.22 மைக்ரான் துளைக்குள் ஃபேஜ் சாவகாசமாக நுழைந்து வரும். வட்டத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

நான்காவதாகத்தான் உண்மையான பாக்டீரியோசின் வருகிறது.

இந்த நான்கையும் பிரித்தறிய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டியதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு பி.எச்.-ஐ ஏழு பக்கம் கொண்டுவந்துவிட்டு மறுபடி குழியில் விடுங்கள். வட்டம் காணாமல் போனால் அது பெரும்பாலும் அமிலத்தின் வேலையாக இருக்கும். காட்டலேஸ் என்ற நொதியைச் சேருங்கள். வட்டம் போனால் பெராக்சைடு. திரவத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து புள்ளி வையுங்கள். ஃபேஜ் என்றால் ஒரு கட்டத்தில் வட்டம் சின்னச் சின்னத் தனித்தனிப் பொட்டுகளாக உடையும். பாக்டீரியோசின் என்றால் ஒரே சீராக மங்கி மறையும். கடைசியாக, ட்ரிப்சினையோ புரோட்டினேஸ் கே-யையோ சேருங்கள். இவை புரதத்தை வெட்டும் நொதிகள். பாக்டீரியோசின் புரதம்தானே, வெட்டுப்பட்டால் செயலிழக்க வேண்டும். இந்த ஒரு சோதனையில் மட்டும் வட்டம் மறைந்தால்தான் கொண்டாட்டம். (இதற்கும் விதிவிலக்கு உண்டு. லாக்டோபாசில்லஸ் ராய்ட்டெரி கிளிசராலிலிருந்து செய்யும் ராய்ட்டெரின் புரதமே இல்லை, நொதிக்கு மசியாது. ஆனாலும் கொல்லும். உண்மையான சரக்கை விட்டுவிடாமல் இருக்க இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.) இவற்றோடு பாக்டீரியாவே படாத வெறும் எம்.ஆர்.எஸ்.-ஐ அதே பி.எச்.-க்கு அமிலமாக்கிப் பக்கத்துக் குழியில் விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

"சின்னக் கல்லூரி, பட்ஜெட் கிடையாது" என்பது வழக்கமான பதில். சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாத கல்லூரி ஆய்வகம் எங்கே இருக்கிறது? கேசட் கேசட்டாக மரபணுப் படிப்பு எடுத்து பாக்டீரியாவின் பெயரைக் கண்டுபிடிக்கப் பணம் இருக்கிறது, அமிலத்தைச் சமன் செய்ய இல்லையா? பணம் இருக்கிறது. சமன் செய்தால் வட்டம் போய்விடுமே என்ற பயமும் இருக்கிறது. வட்டம் போனால் கட்டுரையும் போச்சு, பட்டமும் தள்ளிப்போச்சு. சரக்கை எண்ணிப் பார்த்தால் குறைவது தெரியும் என்பதற்காக மார்ச் 31-ம் தேதி குடோன் பக்கமே போகாத ஸ்டோர் கீப்பர் மாதிரி.

2009 ஜனவரியில் சத்யம் விவகாரம் வெடித்தபோது ஏடுகளில் காட்டியிருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். வங்கி இருப்பை வங்கியிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்வது தணிக்கையின் பால பாடம். அங்கே விட்டுப்போனது அந்தப் பாடம்தான். தட்டு விஷயத்தில் அமிலத்தைச் சமன் செய்வதும் அப்படி ஒரு பால பாடம்தான்.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "அமிலமாகவே இருக்கட்டுமே, கிருமி சாகிறதல்லவா?" ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி. பெண்ணுறுப்பில் வாழும் லாக்டோபாசில்லஸின் முக்கிய ஆயுதமே லாக்டிக் அமிலம்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் பிஃபிடோபாக்டீரியம் வயிற்றைக் கொஞ்சம் புளிப்பாக்கி வைப்பதும் உண்மை. ஆனால் பெரியவர்களின் பெருங்குடலுக்கு லிட்டருக்கு 20 கிராம் குளூக்கோஸ் வந்து சேர்வதில்லை. சர்க்கரையெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். குடல் சுவர் பைகார்பனேட்டைச் சுரந்து புளிப்பைச் சமன் செய்துகொண்டே இருக்கும். தட்டில் இருந்த அமிலம் அங்கே இருக்காது. அதைவிட முக்கியம், லாக்டிக் அமிலம் செய்வது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கைவந்த தொழில். அப்படியிருக்க 'எங்கள் ரகம் தனித்தன்மை வாய்ந்தது' என்று எதை வைத்து விலை ஏற்றுகிறார்கள்?

அடுத்து அந்த மில்லிமீட்டர். 14 மி.மீ. போட்ட ரகம் 11 மி.மீ. போட்ட ரகத்தை விட வீரியமானது என்று அட்டவணை போட்டு, அதற்குப் புள்ளியியல் வேறு செய்து, கட்டுரையில் நட்சத்திரக் குறி வைக்கிறார்கள். வட்டத்தின் அளவு கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாருக்குள் எவ்வளவு வேகமாக ஊர்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. கோலிசின்கள் 30 முதல் 80 கிலோ டால்டன் வரை எடையுள்ள குண்டர்கள். மைக்ரோசின்கள் 10 கிலோ டால்டனுக்கும் குறைந்த ஒல்லிகள். ஒல்லி தூரம் ஓடுவான், குண்டர் அங்கேயே நிற்பார். அகார் தடிமன் கூடினால் வட்டம் சுருங்கும். கிருமியைக் கூடுதலாகத் தூவினாலும் சுருங்கும். ஆன்டிபயாட்டிக் வில்லைகளை வைத்துச் செய்யும் கர்பி-பாவர் சோதனைக்கு 1966 முதல் ஒழுங்கான முறை இருக்கிறது: அகார் 4 மி.மீ. தடிமன், இத்தனை அடர்த்தியில் கிருமி, ஒப்பிட இன்ன ரகம் என்று கட்டுப்பாடு. அதனால்தான் மருத்துவமனை லேபில் அளக்கும் மில்லிமீட்டருக்கு அர்த்தம் இருக்கிறது. குடல் பாக்டீரியாவின் குழித் தட்டுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் முழத்தில் அளக்கிறார்கள். திரவத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்து, எதுவரை வட்டம் தெரிகிறது என்று பார்த்து அலகு சொல்வது இதைவிடக் கொஞ்சம் நாணயமான முறை. அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆளே இல்லை! வட்டம் விழவில்லை என்று குப்பையில் போடும் பாக்டீரியாக்களில் எத்தனை நல்ல சரக்கோ? பாக்டீரியோசின் என்பது குறி பார்த்து அடிக்கும் ஆயுதம், பெரும்பாலும் நெருங்கிய சொந்தத்தைத்தான் கொல்லும். சாட்சிக்கு வைத்த கிருமி தப்பானதாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. மைக்ரோசின்கள் பலவும் இரும்புச் சத்துத் தட்டுப்பாடு வந்தால்தான் வெளியே வரும். ஊட்டமான கரைசலில் வளர்த்தால் அந்த பாக்டீரியா சாதுவாக உட்கார்ந்திருக்கும். கோலிசின் கதை இன்னும் சுவாரசியம். டி.என்.ஏ. சேதமடைந்து ஆபத்துச் சங்கு ஊதும்போது, கூட்டத்தில் சில செல்கள் மட்டும் அதைச் செய்து, தாங்களே வெடித்துச் செத்து வெளியே கொட்டுகின்றன. தற்கொலைப் படை! பங்காளிகள் பிழைக்க அவை சாகின்றன. ஒரே கரைசல், ஒரே வெப்பநிலை, ஒரே ஈ.கோலை, ஒரே இரவு என்று நடக்கும் தேடலில் இவையெல்லாம் அகப்படுமா? மரபணு வரிசையில் பாக்டீரியோசினைத் தேடித் தரும் பேஜல் மென்பொருள் 2006-ல் வந்துவிட்டது, ஆன்டிஸ்மாஷ் 2011-ல் வந்தது. இரண்டும் இலவசம். மரபணு இருப்பதாலேயே பொருள் சுரக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் எந்தச் சூழலில் தேட வேண்டும் என்ற துப்பாவது கிடைக்கும்.

"இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கும் சண்டை, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் நெதர்லாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணைய அழற்சி தீவிரமாகி மருத்துவமனையில் கிடப்பவர்களுக்குக் குடலில் இருக்கும் கிருமிகள் வெளியேறித் தொற்று வந்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க ஆறு பாக்டீரியா ரகங்களைச் சேர்த்து ஒரு கலவை தயாரித்தார்கள். ரகங்களைத் தேர்ந்தெடுத்த அளவுகோல்களில் ஒன்று, ஆய்வகத்தில் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் திறன். 15 டச்சு மருத்துவமனைகளில் 'புரொபாட்ரியா' என்ற பெயரில் சோதனை நடந்தது. யாருக்குக் கலவை, யாருக்கு வெறும் மாவு என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கலவை பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேர். தொற்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 30 சதவீதம், 28 சதவீதம். கலவை பெற்றவர்களில் 9 பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகியது, அவர்களில் 8 பேர் இறந்தார்கள். மற்ற பக்கத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை.

இதை வைத்து மோர் குடித்தால் சாவு என்று கிளப்பிவிட வேண்டாம். இவர்கள் மிக மோசமான நிலையில் இருந்த நோயாளிகள், மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேரே சிறுகுடலில் இறக்கினார்கள். சோதனை நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியே பின்னர் விசாரணை நடந்து, 2010-ல் லான்செட் கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. மரணங்களுக்குக் காரணம் என்ன என்பதில் சர்ச்சை உண்டு. 2016-ல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்த ஒரு மறு அலசல், குழாய் வழி போன சர்க்கரைச் சத்தை பாக்டீரியா புளிக்க வைத்து உண்டாக்கிய லாக்டிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பியது. எப்படியோ, ஒன்று நிச்சயம். தட்டில் கிருமியைத் தடுத்த ஆறு ரகங்களும் ஆளுக்குள் போய் அந்தக் கிருமித் தொற்றைக் குறைக்கவில்லை.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வெட்டி வேலையா? இல்லவே இல்லை. ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் 2007-ல் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். லாக்டோபாசில்லஸ் சலிவேரியஸ் யு.சி.சி.118 என்பது மனிதக் குடலில் கிடைத்த ரகம். ஏ.பி.பி.118 என்ற பாக்டீரியோசினைச் செய்யும். இதை எலிக்குக் கொடுத்துவிட்டு லிஸ்டீரியா கிருமியை ஏற்றினால் எலிக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சரி, ஆனால் பாதுகாத்தது பாக்டீரியோசின்தானா? அந்தப் புரதத்தைச் செய்ய முடியாதபடி மரபணுவை முடக்கிய அதே ரகத்தைக் கொடுத்தார்கள். பாதுகாப்பு போய்விட்டது. அதோடு விடவில்லை. பாக்டீரியோசின் செய்யும் பாக்டீரியா, தன் ஆயுதம் தன்னையே கொல்லாமலிருக்க ஒரு கவசப் புரதமும் வைத்திருக்கும். அந்தக் கவசத்துக்கான மரபணுவை எடுத்து லிஸ்டீரியாவுக்கு மாட்டிவிட்டார்கள். கவசம் போட்ட லிஸ்டீரியா மேல் நல்ல பாக்டீரியாவின் பாச்சா பலிக்கவில்லை! பற்று, வரவு இரண்டு பக்கமும் சரிபார்த்தாயிற்று. இதற்குப் பெயர்தான் நிரூபணம். இவ்வளவுக்குப் பிறகும் அது எலி வரைக்கும்தான்.

ஆயுதம் உண்மையாகவே இருந்தாலும் கூடவே வேறு என்னென்ன வருகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு வந்தபோது தப்பித்த ஒரு வீரனின் குடலிலிருந்து 1917-ல் ஆல்ஃபிரெட் நிஸ்லே எடுத்த ஈ.கோலை ரகம் இன்றும் ஜெர்மனியில் மருந்தாக விற்கிறது. அது இரண்டு மைக்ரோசின்களைச் செய்கிறது. 2016-ல் நேச்சரில் வந்த எலி ஆய்வு, அந்த மைக்ரோசின்கள் சால்மோனெல்லாவைப் பின்தள்ளுவது குடல் அழற்சியில் இருக்கும்போதுதான் என்று காட்டியது. இரும்புக்குச் சண்டை நடப்பது அப்போதுதானே! வரவுப் பக்கம் இது. பற்றுப் பக்கம்? அதே ரகத்தின் மரபணுவில் கோலிபாக்டின் என்ற டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் பொருளைச் செய்யும் பகுதியும் இருக்கிறது. அந்தப் பகுதியைக் கை வைத்து முடக்கினால் நன்மையும் சேர்ந்து போய்விடுகிறது என்று 2012-ல் ஒரு பிரெஞ்சுக் குழு எலிகளில் கண்டது. 2020-ல் மனிதப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில் கோலிபாக்டினின் தடயம் பதிந்திருப்பதும் தெரியவந்தது. அந்த மருந்தைக் குடித்தவருக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மொத்த லாபத்தை மட்டும் காட்டி நிகர லாபத்தை மறைக்கும் கணக்கை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று மட்டும்தான் அர்த்தம். 14 மி.மீ. வட்டத்தில் இதெல்லாம் தெரியுமா என்ன?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், இந்தச் சரக்கு உண்மையிலேயே தேவை. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019-ல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022-ல் லான்செட் மதிப்பிட்டது. எல்லாவற்றையும் வெளுத்து வாங்கும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் ஒரு கிருமியை மட்டும் குறிவைக்கும் பாக்டீரியோசின் கிடைத்தால் எவ்வளவு நல்லது! மனித மலத்தில் கிடைத்த ஒரு பாசில்லஸிலிருந்து 2010-ல் அயர்லாந்துக்காரர்களே எடுத்த துரிசின் சி.டி. அப்படிப்பட்டது, க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலைக் கொல்லும், மற்ற குடல் பாக்டீரியாக்களைப் பெரிதாகத் தொடாது. அதை வாய்வழி கொடுத்தால் செரிமான நொதிகள் உடைத்துவிடுகின்றன என்பதையும் அவர்களே சோதித்துச் சொன்னார்கள். உண்மையான தங்கம் நாலு இருக்கும் இடத்தில் நானூறு கவரிங்கைக் கொண்டுவந்து கொட்டினால், தேடுகிறவன் எப்படித் தேடுவான்?

சட்டம் இல்லாமலும் இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2002-ல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி, தட்டுச் சோதனைகளை முதல் சல்லடையாகத்தான் வைத்தது. மனிதர்களில் சோதிக்காமல் பலன் சொல்லக்கூடாது என்றது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே வரிசைதான்: தட்டு, பாதுகாப்பு, விலங்கு, மனிதர். லேபிளில் பேரினம், சிற்றினத்தோடு ரகத்தின் பெயரையும் போடச் சொல்கிறது. அமெரிக்காவில் 2010 டிசம்பரில் டேனன் நிறுவனம் தயிர் விளம்பரத்தில் மிகைப்படுத்தியதாக எழுந்த புகாரை முடித்துக்கொள்ள 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கட்டியது.

மனிதர்களில் சோதிப்பது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒடிசா கிராமங்களே பதில். அங்கே குழு ஒன்று, ஒரு லாக்டோபாசில்லஸ் பிளான்டேரம் ரகம் பச்சிளம் குழந்தைகளின் குடலில் தங்குகிறதா என்பதையே முதலில் தனியாகச் சோதித்து 2008-ல் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. 4,556 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஏழு நாள் அந்த பாக்டீரியாவும் அதற்குத் தீனியும், மீதிப் பேருக்கு வெறும் மாவு. ரத்தத் தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது என்று 2017-ல் நேச்சரில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தில் 1,300-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு வேறொரு ரகமான பிஃபிடோபாக்டீரியம் பிரீவ் கொடுத்துப் பார்த்ததில் ஒரு பலனும் தெரியவில்லை. அதையும் லான்செட்டில் மறைக்காமல் போட்டார்கள்.

இரண்டு ரகங்களும் 'நல்ல பாக்டீரியா' என்ற ஒரே பெயரில்தான் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை பாட்டிலைக் கையில் எடுக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேரினமும் சிற்றினமும் பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பின்னால் சில எழுத்தும் எண்ணுமாக ரகத்தின் அடையாளம் இருக்கிறதா? இருந்தால், எந்த மனிதர்களிடம், எந்த நோய்க்கு, எத்தனை பேரில் சோதித்தது என்று அந்த அடையாளத்தை வைத்துத் தேடலாம். இல்லையென்றால் தேடுவதற்கு எதுவுமே இல்லை.